அம்மாவும் சைக்கிள் ஓட்டட்டும்!

ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு சைக்கிள் சக்கரம் சுற்றிக்கொண்டு இருக்கும்.

அதற்கு டயர் கிடையாது. டியூப் கிடையாது. ஹாண்டில் பார் கிடையாது. பழைய சக்கரத்தை ஒரு சட்டத்தில் பூட்டி, ராட்டையாக ஆக்கி இருப்பார்கள். வீட்டு அம்மாள் அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றுவார். மறு கையில் பட்டு இழை ஓடும். நாடாவுக்குள் வைக்கிற தார்க்குச்சியில் அந்த இழை சுற்றிக்கொள்ளும்.

சமையல் நேரம் போக மற்ற நேரம் எல்லாம் இந்த வேலைதான். சக்கரம் ஆயிரக்கணக்கான தடவை சுற்றும். சுற்றுகிறவர் ஓர் அடிகூட நகர மாட்டார்.

அதே வீட்டில், மாடிப்படிக்குக் கீழே, இன்னொரு சைக்கிள் நிற்கும். இது முழுச் சைக்கிள். மகள் பிளஸ்-1 படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. மகள் படிப்பை முடித்துவிட்டாள். சைக்கிளின் மேல் இப்போது கோணிப்பை கிடக்கிறது. காற்று இறங்கிப் பல மாதம் ஆகிவிட்டது.

அந்த அம்மாளையும் இந்தச் சைக்கிளையும் சேர்த்து வைக்க வேண்டும் என்பதுதான் நமது ஆசை.

குழிக்குள் கால்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989-ம் ஆண்டு வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. கமண்டல நாகநதி ஓடுகிற ஊர். 1751-ம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் இங்கே ஒரு சண்டை போட்டார் என்று சரித்திரப் புத்தகங்களில் இருக்கிறது. அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன ஊர். (ரயிலில் வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை. "ஆரணி ரோடு" என்ற ஸ்டேஷன் ஆரணியில் இல்லை. அது களம்பூரில் இருக்கிறது!)

பட்டுச் சேலையைப் பார்த்தவர்கள் பலர். அது பிறக்கிற குழியைப் பார்த்தவர்கள் சிலர்தான்.

தரையிலே ஒரு குழி. நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் குழிக்குள் விடுகிறார். கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்துகின்றன. ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை விரட்டுகிறது. மற்றொரு கை ஊடை இழையை நெருக்கி அடிக்கிறது. கண் இழையை விட்டு அகலக் கூடாது. ஓர் இழை அறுந்தால் நிறுத்தி முடிய வேண்டும். பார்க்காமல் விட்டுவிட்டால் சேலையில் குற்றம் விழும். கூலியில் கை வைப்பார்கள்.

ஒரு சேலை முடியச் சில நாட்கள் ஆகும். வேலைப்பாடு கூடினால் இன்னும் கூடும். சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. உட்கார்ந்தால் உண்டு, உட்காராவிட்டால் இல்லை. மழைக் காலத்தில் குழியில் ஈரம் ஊறும். முகூர்த்த மாதங்கள் போய்விட்டால் சரக்குத் தேங்கும். பட்டு விலையும் ஜரிகை விலையும் ஏறினால், அந்தக் கவலை கடைசியில் வந்து நிற்பதும் குழிக்குள்தான்.

முதுகு வலிக்கிறது, முழங்கால் பிடித்துக்கொள்கிறது என்று நெசவாளர் சொல்வார். மனசு சரியில்லை என்று மட்டும் சொல்ல மாட்டார். "ராத்திரி தூக்கம் வரவில்லை" என்பார். "எதைப் பார்த்தாலும் எரிச்சலாக வருகிறது" என்பாள் மனைவி. எல்லாம் ஒன்றுதான்.

வேலை வேறு, விளையாட்டு வேறு

"நாள் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்கிறோம். இதற்கு மேல் சைக்கிள் வேறு மிதிக்க வேண்டுமா?" என்று ஒரு நெசவாளர் கேட்டால், அது நியாயமான கேள்விதான்.

இந்தக் கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். பல நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்து, 2017-ம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிட்டார்கள். அது சற்று ஆச்சரியமான முடிவு. ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு உடம்பை அசைக்கிறவர்களுக்கு மனம் நன்றாக இருந்தது. நடந்தோ சைக்கிளிலோ போய் வருகிறவர்களுக்கும் நன்றாக இருந்தது. ஆனால் கூலிக்காக உடம்பை வருத்துகிறவர்களிடம் அந்த நன்மை காணப்படவில்லை!

நமக்கு இது புரியாத விஷயம் அல்ல. மிதி ஒன்றுதான். தறியில் மிதித்தால் சுவர் அதே சுவர். வெளிச்சம் அதே வெளிச்சம். மனத்தில் கடன்காரர் முகம். சைக்கிளில் மிதித்தால் சுவர் பின்னால் போகிறது. தெரு வருகிறது. ஆற்றுப் பாலம் வருகிறது. ஊரைத் தாண்டினால் நெல் வயல் வருகிறது. முகத்தில் காற்று அடிக்கிறது. முன்னால் ஆடு குறுக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டைப் பார்க்கிறவனுக்குக் கடன்காரர் முகம் கொஞ்ச நேரம் மறந்துபோகும்.

நாமே ஓட்டுகிறோம், நினைத்த இடத்தில் திரும்புகிறோம், நினைத்தால் நிற்கிறோம். தறியில் அது முடியாது.

சின்ன வயதில் வாடகைச் சைக்கிள் எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மணி நேரக் கணக்கில் வாடகை. கால் எட்டாது. கம்பிக்குக் கீழே காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு "குரங்கு பெடல்" அடிப்போம். 2024-ம் ஆண்டில் அந்தப் பெயரிலேயே ஒரு சினிமாப் படம்கூட வந்தது. முட்டியில் தோல் உரிந்த நாளில்கூட அழுதுகொண்டு வந்தவர் யாரும் இல்லை. சிரித்துக்கொண்டுதான் வந்தோம்.

"வந்தோம்" என்றால் யார்? ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகள் திண்ணையில் இருந்து பார்த்துக்கொண்டு இருந்தார்கள். இன்று தாயாகவும் பாட்டியாகவும் இருப்பவர்கள் அவர்கள்தான்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இந்தத் தாய்மாருக்கு இனிமேல் சைக்கிள் வருமா? வரும். நம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது.

1991-ம் ஆண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. எழுத்துத் தெரியாதவர்களுக்கு எழுத்துக் கற்றுக் கொடுக்கும் இயக்கம். அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார். படிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் உழைக்கிறவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லோரும் வந்தார்கள்.

எழுத்துச் சொல்லிக் கொடுக்கப் பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும். பஸ் இல்லாத ஊர்கள். இருட்டி விட்டால் திரும்ப முடியாது. யாராவது ஓர் ஆண் துணை வர வேண்டும். அப்படி இருந்தால் அறிவொளி எப்படிப் பரவும்?

கலெக்டர் அம்மையார் ஒரு முடிவு செய்தார். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி பாங்குகளிடம் பேசினார். ஊர்களில் பயிற்சி முகாம் நடந்தது. பெண்கள் சைக்கிள் பழகுவதைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள்.

கேலி இல்லாமல் இருக்குமா? இருந்தது. தெருவில் போன பெண்களைப் பார்த்து அசிங்கமாகப் பேசினார்கள். பெண்கள் ஓட்டிக்கொண்டே போனார்கள். நாலு நாள் கேலி செய்தவன் ஐந்தாம் நாள் ஓய்ந்து போனான். ஒரு பெண் போனால் கேலி செய்யலாம். 100 பெண்கள் போனால் யாரைக் கேலி செய்வது?

1992-ம் ஆண்டில், மகளிர் தினத்தன்று, 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிளில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு, புதுக்கோட்டை நகருக்குள் ஊர்வலம் வந்தார்கள். ஊரே திரண்டு நின்று பார்த்தது. அந்த மாவட்டத்தில் சைக்கிள் ஓட்டப் பழகிய கிராமத்துப் பெண்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம் என்று, அங்கே நேரில் போய்ப் பார்த்த பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதினார்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கடைகளில் லேடீஸ் சைக்கிள் தீர்ந்து போயிற்று. பெண்கள் யோசிக்கவில்லை. ஆண்கள் ஓட்டும் சைக்கிளை வாங்கினார்கள். அதிலே ஒரு வசதியையும் கண்டுபிடித்தார்கள். நடுக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம்! பிறகு சிலர் அதைத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். முன்னால் குழந்தை, பின்னால் தண்ணீர்க் குடம் என்று ஓட்டினார்கள். விளைந்த சாமானைத் தாங்களே சந்தைக்குக் கொண்டு போனார்கள்.

கணக்குப் பார்த்தால் லாபம்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். ஆனால் அந்தப் பெண்கள் பெரிதாகச் சொன்னது கணக்கை அல்ல. யார் தயவும் இல்லாமல் போய் வர முடிகிறதே, அதைத்தான் சொன்னார்கள். அதற்கு முன்பு ஒவ்வொரு பயணத்துக்கும் புருஷனையோ, அண்ணனையோ, மகனையோ கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு மனம் குறுகிப் போகும். சைக்கிள் வந்ததும் கேட்க வேண்டிய அவசியம் போயிற்று. மன நோய்க்கு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்காத மருந்து இது.

கை எழுத்துப் போடப் பழகியதும், சைக்கிள் ஓட்டப் பழகியதும் அவர்களுக்கு ஒரே வருஷத்தில் நடந்தது. இந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கிற தாய்மார்களுக்கு இதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

வெள்ளைக்காரப் பெண்களும் தப்பவில்லை

இது நம் நாட்டுக் கட்டுப்பெட்டித்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1890-ம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். உடனே சில டாக்டர்கள் புறப்பட்டார்கள். சைக்கிள் ஓட்டும் பெண்களுக்கு முகம் கோணிப் போகும், கண் பிதுங்கும் என்றார்கள். அந்த வியாதிக்குச் "சைக்கிள் முகம்" என்று பெயரும் வைத்தார்கள்! அப்படி ஒரு வியாதி யாருக்கும் வரவில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பேச்சே மறைந்து போயிற்று.

இன்றைய டாக்டர்கள் நேர் எதிராகப் பேசுகிறார்கள்.

100 பேரில் எத்தனை பேர்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ம் ஆண்டில் சொன்னது. அதாவது நாளைக்கு அரை மணி, வாரத்துக்கு 5 நாள். எவ்வளவு வேகம் என்பதற்குச் சுலபமான அடையாளம் உண்டு. ஓட்டும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

அவ்வளவு முடியாதவர்கள் என்ன செய்வது? 2022-ம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சி முடிவு வெளியாயிற்று. 1,90,000 பேருக்கு மேல் சேர்ந்த 15 ஆராய்ச்சிகளின் தொகுப்பு அது. அதிலே கண்டது இது: உடம்பை அசைக்காமல் இருக்கிறவர்களில் 100 பேருக்கு மனச்சோர்வு நோய் வருகிற இடத்தில், அந்த அளவில் பாதி மட்டும் அசைக்கிறவர்களில் 82 பேருக்குத்தான் வருகிறது. முழு அளவும் செய்கிறவர்களில் 75 பேர். பாதி அளவு என்றால் நாளைக்குக் கால் மணி நேரம்! வீட்டில் இருந்து சங்கத்துக்கோ, கடைத் தெருவுக்கோ சைக்கிளில் போய்த் திரும்பினால் கால் மணி ஆகிவிடும்.

"மனம் நன்றாக இருக்கிறவர்கள்தானே சைக்கிளில் ஏறுகிறார்கள்? சைக்கிளால் மனம் நன்றாயிற்று என்று எப்படிச் சொல்லலாம்?" இப்படிக் கேட்கிறவர்கள் புத்திசாலிகள். ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தார் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். எடின்பரோ, கிளாஸ்கோ நகரங்களில் வேலைக்குப் போகிற 3,78,000 பேரின் விவரங்களை எடுத்துக்கொண்டார்கள். யாருடைய வீடு சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் கணக்கில் சேர்த்தார்கள். பாதைக்குப் பக்கத்தில் வீடு இருப்பது மனத்தைப் பொறுத்த விஷயம் அல்ல அல்லவா? 5 ஆண்டுக் கணக்கில், சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் கவலைக்கும் மனச்சோர்வுக்கும் மருந்துச் சீட்டு வாங்கியது 15 சதவிகிதம் குறைவாக இருந்தது. அதிலும் பெண்களுக்குத்தான் நன்மை கூடுதல். 2024-ம் ஆண்டில் இது வெளியாயிற்று.

உடம்பில் என்ன நடக்கிறது? இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூளைக்கு ரத்தம் நன்றாகப் பாய்கிறது. மனத்தை லேசாக்கும் சில ரசாயனங்கள் உடம்பிலேயே ஊறுகின்றன. பகல் வெளிச்சம் கண்ணில் படுவதால் இரவில் தூக்கம் ஒழுங்காக வருகிறது. நன்றாகத் தூங்கி எழுந்தவர் காலையில் பிள்ளைகள் மேல் எரிந்து விழ மாட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். சைக்கிள் எல்லாவற்றுக்கும் மருந்து அல்ல. வாரக் கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்தால், அரசாங்கத்தின் "டெலி மானஸ்" நிலையத்தில் பேசலாம். காசு இல்லை. 2022-ம் ஆண்டில் இருந்து நடக்கிறது. கூலி குறைந்த கவலையைச் சைக்கிள் தீர்க்காது. கூலி கூடினால்தான் தீரும். அதையும் மறைக்க வேண்டாம்.

அரசாங்கம் கொடுத்த சைக்கிள்

தமிழ்நாட்டில் மாணவிகளுக்கு இலவசச் சைக்கிள் 2001-ம் ஆண்டு வாக்கில் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு. பிறகு அரசு பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பிளஸ்-1 படிக்கும் எல்லோருக்கும். பீகாரில் 2006-ம் ஆண்டில் உயர்நிலைப் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் தந்தார்கள். அதனால் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் கூடினார்கள் என்று பிறகு கணக்கிட்டார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் பள்ளிக்கூடம் முடிந்ததும் சைக்கிளும் முடிந்து போக வேண்டுமா? சில வீடுகளில் பாதி விலைக்கு விற்றுவிடுகிறார்கள். சில வீடுகளில் துருப்பிடிக்கிறது. மகளுக்கு ஸ்கூட்டர் வேண்டியிருக்கிறது, தவறு இல்லை. ஆனால் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் வேண்டும், லைசென்ஸ் வேண்டும், தவணை கட்ட வேண்டும். ராட்டை சுற்றுகிற அம்மாளுக்கு அதெல்லாம் நடக்கிற காரியமா? மாடிப்படிக்குக் கீழே நிற்கிற சைக்கிளுக்கு வேண்டியது 2 சக்கரத்துக்கும் காற்று, செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய், பிரேக்குக்கு ரப்பர் கட்டை.

நகரசபையார் மனம் வைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம், நெசவாளர் தெரு ஒன்றில் லாரியும் மோட்டாரும் வராமல் தடுக்கலாம். பள்ளிக்கூட மைதானத்தை மாலையில் திறந்துவிடலாம். ஆரணியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. சைக்கிள் இல்லாத வீட்டுக்கு ஒரு சைக்கிள் வாங்க, வட்டி இல்லாமல் முன்பணம் கொடுத்து, கூலியில் சிறுகச் சிறுகப் பிடித்துக்கொள்ளலாம். புதுக்கோட்டையில் பாங்கு செய்ததைச் சங்கம் செய்ய முடியாதா?

40 வயதில் பழகலாமா?

தாராளமாகப் பழகலாம். அதற்கு ஒரு சுலபமான முறை இருக்கிறது.

1817-ம் ஆண்டில், ஜெர்மனியில், கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கர வண்டி ஒன்றைச் செய்து ஓட்டினார். சைக்கிளுக்கு அதுதான் தாத்தா. அதிலே பெடல் கிடையாது! மேலே உட்கார்ந்து, காலால் தரையை உந்தி உந்திப் போக வேண்டும்.

நீங்களும் அப்படியே தொடங்குங்கள். சைக்கிள் கடைக்காரரிடம் சொல்லி இரண்டு பெடல்களையும் கழற்றிவிடுங்கள். (இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் திரும்பும்; வீட்டில் கழற்றப் போய் உடைக்காதீர்கள்.) இரண்டு பாதமும் தரையில் நன்றாகப் படும்படி சீட்டை இறக்குங்கள். மண் தரையில், காலால் உந்தி உந்தித் தள்ளுங்கள். விழ மாட்டீர்கள், கால்தான் தரையில் இருக்கிறதே. சில நாளில் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டு பத்தடி போவீர்கள். சமநிலை வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் பெடலைப் பூட்டலாம்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள். செயினுக்கு மூடி இருக்கட்டும். நன்றாகப் பழகும் வரை பஸ் போகிற பெரிய ரோட்டுப் பக்கம் போக வேண்டாம். பெரிய ரோட்டில் போகும் நாள் வந்தால் தலைக்கு ஹெல்மெட் போடுங்கள். விடியற்காலையிலும் இருட்டிலும் பின்னால் சிவப்பு வில்லை மின்ன வேண்டும்.

பெடல் பூட்டிய அன்று மட்டும் ஒரு துணை வேண்டும். அதற்கு மகளைக் கூப்பிடுங்கள். அவள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவாள். "விட்டுவிடாதேடி" என்று நீங்கள் கத்துவீர்கள். "விடவில்லை அம்மா, பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்பாள். பாதித் தெருவிலேயே கையை எடுத்திருப்பாள்.